வெட்டி எழுதிய எட்டு நிமிடம்

“ஏண்டி, இருபத்தொரு மணி நேரமா வரணும்?”

தொலைபேசியை எடுத்த எடுப்பிலேயே அம்மா கேட்டது இதுதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அந்த வீட்டில் அப்பாவின் இலாகா. அம்மாவின் இலாகா நேரம்.

“யாரும்மா சொன்னா இருபத்தொண்ணு?” என்றாள் மகள்.

“யாரு சொல்லணும்? பிளேன் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் பேசறேன். காலையில பத்துக்குக் கிளம்புது. மறுநாள் காலையில ஏழுக்கு வந்து சேருது. பத்துலேருந்து பத்து இருபத்துநாலு, அதுல மூணு போனா இருபத்தொண்ணு. நடுவுல எங்கேயும் நிக்காம வரும்னு பெரிசாச் சொன்னே. நின்னு நின்னு வந்த பழைய வண்டியே பதினெட்டுல வந்துடுமாமே!”

“பதினாலு மணி நேரம்தாம்மா. அந்த ஏழு இங்கத்து ஏழு. அப்போ உனக்கு அங்க ராத்திரி பன்னெண்டு.”

மறுமுனை அமைதியானது. அம்மாவின் மௌனங்கள் மகளுக்கு அத்துப்படி. இது கோபத்தின் மௌனம் இல்லை. மனத்துக்குள் கட்டம் போட்டு எழுதிப் பார்க்கும் மௌனம். நகரங்கள் இரண்டுக்கும் இடையே பன்னிரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர். அத்தனை தூரமும் அந்த மௌனத்துக்குள் கிடப்பதுபோல இருந்தது.

“ஒரே வண்டிக்கு ரெண்டு கடிகாரமா?” என்றாள் அம்மா கடைசியில். “நான் டூட்டியில இருந்திருந்தா இந்த டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். கிளம்புன ஊர்க் கடிகாரம்தான் வண்டிக்குக் கணக்கு. நான் என் வாட்சைத் தொடமாட்டேன், சொல்லிட்டேன்.”

“தொடாதே. நீ வந்தா போதும்.”

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “அவளோட வாட்சைப் பார்த்துத்தான் சூரியனே உதிக்குது. என்னமோ ஊரூரா மணி மாறுதுன்னு கதை சொல்றியே!” அப்பா இந்தப் பயணத்துக்கு வரவில்லை. முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். ஸ்டியரிங் தன் கையில் இல்லாத எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அம்மா அவருடைய பேருந்து நிலையத்திலேயே நேரக் காப்பாளர். ‘டைம் அக்கா’ என்றால் அங்கே தெரியாதவர் கிடையாது. கம்பி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, ஒரு ஒலிபெருக்கி, ஒரு நீளப் பதிவேடு. புறப்பாடு, வருகை, ஓட்ட நேரம், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். குறிப்புக் கட்டத்தில் தாமதம் என்றால் ‘தா’. குறித்த நேரத்துக்கு முன்னால் வந்தால் ‘மு’. இரண்டும் சிவப்பு மை. ஓடி வந்து பேருந்தைப் பிடிக்கிறவனுக்கு, தாமதமாக வரும் வண்டியைவிட முன்னால் போய்விட்ட வண்டிதான் துரோகி என்பது அம்மாவின் கட்சி. நிமிடம் பிசகாமல் வந்தால் நீல மையில் ‘ச.நே.’ சரியான நேரம். அந்த இரண்டெழுத்து சில ஓட்டுநர்களுக்கு மாதத்தில் ஒருமுறை கிடைத்தாலே அதிகம்.

ஒருநாள் அப்பா பள்ளிக்கூட வாசலில் மகளை இறக்கிவிட்டுப் போனதில் பேருந்து மூன்று நிமிடம் பிந்தியது. அம்மா அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தாள், குனிந்து ‘தா’ போட்டாள். அப்பாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. மூன்றாம் நாள் அப்பாவே சிரித்துவிட்டார். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அந்தச் சிவப்பு எழுத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் வாழ்க்கையில் தான் செய்த எதையும் அம்மா நீல மையில் எழுதியதில்லை என்ற எண்ணம் அன்றைக்கு முளைத்து, அவளோடு சேர்ந்தே வளர்ந்தது.

இப்போது அவள் ஒரு விமான நிறுவனத்தில் பாதை போடுகிறவள். எந்த விமானம் எந்த வழியாக, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். அதே தாளில் கேப்டனும் கையெழுத்திட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் சக்கரம் உருளாது.

அம்மா ஏறவேண்டிய நாளும் வந்தது. அன்றுதான் அந்த இரு நகரங்களுக்கு நடுவே, எங்கும் நிற்காமல் பறக்கும் முதல் விமானம். அதற்குப் பாதை போடும் பொறுப்பு யாருக்கு என்று பார்த்தால், பணிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

பிற்பகல் இரண்டு மணி, அம்மாவின் ஊரில் காலை ஏழு. அலுவலகத்தின் நீண்ட அறையில் சுவர் முழுக்கத் திரைகள். வெளிச்சம் கண்ணைக் குத்தாமலிருக்க ஜன்னல்களில் சாம்பல் நிறத் திரைச்சீலை. வானிலை பார்க்கிறவரை எல்லோரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டே அவள் மேசைக்கு வந்தார்.

“நேர் வழியில எதிர்க்காத்து. பாதி தூரம் மூஞ்சியிலேயே அறையும்” என்றார்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேர் வழியில் போனால் பதினான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு எரிபொருளை ஏற்றினால் எடை தாங்காது. நாற்பத்தைந்து பேரை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பழையபடி நடுவழி நகரத்தில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ள வேண்டும். நிற்காமல் பறக்கும் விமானம் முதல் நாளே நின்றுவிட்டால், அதைவிடத் தலைக்குனிவு வேறு இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. தெற்கே சரிந்து இறங்கினால், உயரத்தில் ஒரு காற்று ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தது. விமானம் போகிற திசையிலேயே ஓடியது. அதைப் பிடிக்க இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஆனால் பிடித்துவிட்டால் முக்கால் மணி நேரம் மிச்சம். யாரையும் இறக்க வேண்டாம். எங்கும் நிற்கவும் வேண்டாம்.

திரையில் அவள் அந்தக் கோட்டை இழுத்தாள். தளர்ந்த கயிறுபோல அது தெற்கே தொங்கியது.

“சுத்து வழி” என்றார் பணித் தலைவர், பின்னால் வந்து நின்று. கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. “அந்தக் காத்து இடம் மாறிடுச்சுன்னா?”

“மாறாது சார். மேகம் மூணு தடவை பார்த்துட்டாரு.”

“மேகம் கலையற ஜாதிதானே?”

மேகம் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “உங்கம்மா இதுலதானே வர்றாங்க? ஊழியர் குடும்ப டிக்கெட். நாற்பத்தஞ்சு பேரை இறக்கணும்னா முதல்ல இறங்கறது அந்த மாதிரி டிக்கெட்காரங்கதான். அதுக்காக ஒண்ணும் இந்த வழி இல்லையே?” என்றார்.

பதிலுக்குக் காத்திராமல், அரை மணி கழித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

முதல் ஐந்து நிமிடம் அவள் திரையைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி நியாயமானது. அம்மா இல்லாவிட்டால் இந்தக் கோட்டை இழுத்திருப்பேனா? ஆசை ஒரு பக்கம் சாய்ந்தால் கணக்கும் கொஞ்சம் சாயும். தாளில் அது தெரியாது, போட்டவளுக்கு மட்டும் தெரியும். அம்மா கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் கணவர் ஓட்டிவந்த பேருந்தை அண்ணாந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த மூன்று நிமிடத்தை அம்மா விழுங்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

மகள் தான் போட்ட கணக்கை அழித்தாள். பயணிகள் பட்டியலை மூடினாள். பழைய எண் எதையும் பார்க்காமல் எடை, காற்று, உயரம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். இம்முறை காற்றின் வேகத்தை மேகம் சொன்னதைவிடக் குறைத்தே வைத்தாள். கடலுக்கு நடுவே ஓர் இடத்தில் புள்ளி வைத்தாள். அங்கே வரும்போது எரிபொருள் இவ்வளவுக்குக் கீழே இருந்தால், பேசாமல் நடுவழி நகரத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எழுதினாள். கடைசியில் திரையில் வந்த விடை: சக்கரம் உருள்வதிலிருந்து சக்கரம் நிற்பதுவரை, பதிமூன்று மணி நாற்பத்தெட்டு நிமிடம்.

கோடு அதே இடத்தில்தான் தொங்கியது.

தலைவர் திரும்பி வந்தார். “என்ன?”

“அம்மா இல்லாம ஒரு தடவை போட்டுப் பார்த்தேன் சார். அதேதான் வருது.”

“கேப்டன்கிட்ட நீங்களே பேசுங்க” என்றார்.

கேப்டன் அம்மாவின் ஊரில் இருந்தார். குரலில் அவசரம் இல்லாத, தலை நரைத்த ஆள். தாளை வரிவரியாகப் படித்துக்கொண்டே பேசினார்.

“இந்த வளைவு என்னம்மா இது? கோடு போடும்போது யாராவது கையைத் தட்டிவிட்டாங்களா?”

“காத்துக்காக சார். தூரம் கூட, நேரம் கம்மி.”

“காகிதத்துல எல்லாக் காத்தும் நல்ல காத்துதான். ஒரு அஞ்சு டன் சேர்த்துப் போட்டுக்கறேனே? எனக்கு நிம்மதி.”

“அஞ்சு டன் போட்டா நாற்பத்தஞ்சு பேர் இறங்கணும் சார். காத்து ஏமாத்தினாக்கூட திரும்பறதுக்கு ஒரு இடம் எழுதியிருக்கேன். அதுக்கு மேலயும் கையிருப்பு இருக்கு. ஏழாவது பக்கம்.”

தாள் புரளும் ஓசை. பிறகு நீண்ட மௌனம். தொலைபேசிக் கம்பியின் லேசான இரைச்சல் மட்டும். அவள் அதை நிரப்ப முயலவில்லை. மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள அவளுக்கு வீட்டிலேயே பழக்கம்.

“நான் இள வயசுக்காரங்ககிட்ட எப்பவும் ஒண்ணு கேக்கறதுண்டு” என்றார் கேப்டன். “இந்தத் தாளை நம்பி உங்கம்மாவை இந்த விமானத்துல ஏத்துவீங்களா?”

“ஏறப் போறாங்க சார். முப்பத்தொண்ணாம் வரிசை, ஜன்னல் ஓரம்.”

மறுமுனையில் கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். மேகம் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கையெழுத்துப் போட்டாச்சு” என்றார் கேப்டன்.

அன்றிரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பணி முடிந்து வீட்டுக்குப் போனாள், படுத்தாள். விடிந்தும் விடியாததுமாக மறுபடி அலுவலகத்துக்கு வந்தாள். காலணியைக்கூடச் சரியாக மாட்டாமல் சுவர்த் திரையைப் பார்த்தாள். கடலுக்கு நடுவே அவள் வைத்த புள்ளி வெகு தூரம் பின்னால் இருந்தது. சின்ன மஞ்சள் விமானம் அதைத் தாண்டி, கரையைத் தொட்டு, நகரத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. புள்ளியைக் கடக்கும்போது எரிபொருள் அவள் எழுதியதைவிட ஆயிரத்து முந்நூறு கிலோ அதிகம் இருந்ததாக, இரவுப் பணிக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் மேசையில் ஒட்டியிருந்தார். கீழே, ‘காத்துக்கு உங்க மேல ஒரு கண்ணு போல’ என்று ஒரு கிண்டல்.

அவள் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பாதைத் திட்டத்தின் நகல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வருகைக் கூடத்துக்கு நடந்தாள்.

விமானம் ஆறு ஐம்பத்திரண்டுக்கு வந்து நின்றது. பெரிய பலகையில் ‘எட்டு நிமிடம் முன்னதாக’ என்று பச்சை எழுத்து மின்னியது. மேகமும் தலைவரும்கூட இறங்கி வந்திருந்தார்கள். தலைவர் அவள் தோளுக்கு நேராகக் கையைக் கொண்டுபோய், தட்டாமல், தொண்டையைச் செருமிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விருது. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இருந்தாலும் கண் கண்ணாடிக் கதவிலேயே இருந்தது.

அம்மா வந்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு, கூட்டத்தில் யாரையும் இடிக்காமல், பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கு நடுவே நடக்கிற அதே நடை. கட்டிக்கொள்ளக் கை நீட்டிய மகளை ஒரு கையால் நிறுத்தினாள். மறு கையில் ஒரு சின்ன நோட்டு.

“இரு. முதல்ல இதைப் பாரு.”

நான்கு கட்டங்கள். புறப்பாடு பத்து நாலு. அதற்கு நேராகச் சிவப்பில் ‘தா, நாலு நிமிடம்’. வருகை பதினொன்று ஐம்பத்திரண்டு. அதற்கு நேராகச் சிவப்பில் ‘மு, எட்டு நிமிடம்’.

“ஒரே ஓட்டத்துல ரெண்டு தப்பு” என்றாள் அம்மா. “லேட்டாக் கிளம்பி, சீக்கிரம் வந்திருக்கு. இதுக்கு அந்தப் பலகையில பச்சை லைட் வேற! எவனோ மாலை போடாத குறையாக் கையைத் தட்டறான். வண்டியில கேப்டனே என் சீட்டுக்கு வந்து, உங்க பொண்ணு போட்ட வழிம்மான்னாரு. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பார்க்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு? பெருமையா நிமிர்ந்து உட்கார்ந்தா, கடைசியில எட்டு நிமிஷம் முந்திக்கிட்டு வந்து நிக்கறே!”

பின்னால் மேகம் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினார்.

“டிக்கெட்டுல இருக்கறது வருஷம் முழுக்க ஒரே டைம்மா” என்றாள் மகள். “எந்தக் காத்து அடிச்சாலும் பதினாலு மணி நேரம்னுதான் அச்சடிச்சு வெப்பாங்க. நேத்தைய காத்துக்கு நான் போட்ட ஓட்ட நேரம் வேற.”

“எவ்வளவு போட்டே?”

மகள் வாயால் சொல்லவில்லை. தாளை நீட்டினாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. பெட்டிச் சக்கரங்கள், அழும் குழந்தை, யாரோ யாரையோ கூப்பிடும் குரல். அம்மா விரலை வைத்து வரியைத் தேடினாள். பதிமூன்று மணி நாற்பத்தெட்டு.

“இதை எப்போ எழுதுனே?” என்றாள். “வண்டி உருளறதுக்கு முன்னாடியா, வந்து நின்னப்புறமா?”

“மேல மூலையில அச்சாகியிருக்கு பாரு. இங்கத்து டைம் மூணு இருபது. உன் வாட்சுக்குக் காலையில எட்டு இருபது.”

அம்மா மூலையைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே காலை வெயில் கண்ணாடிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி அரை மணி. உதடு அசையாமல் அவள் கழித்துப் பார்ப்பது மகளுக்குத் தெரிந்தது. பத்து நாலிலிருந்து இரவு பத்து நாலு, பன்னிரண்டு. அங்கிருந்து பதினொன்று ஐம்பத்திரண்டு, ஒன்று நாற்பத்தெட்டு.

அவள் இன்னொரு முறை கழித்தாள்.

அதன்பின் வந்த மௌனத்தை மகள் இதுவரை கேட்டதில்லை. அது எழுதிப் பார்க்கும் மௌனம் இல்லை, கோபமும் இல்லை. அம்மா தாளிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அண்ணாந்து, உள்ளே வரும் வண்டியைப் பார்ப்பதுபோல, முழுசாக, முன்சக்கரத்திலிருந்து கூரைவரை.

“ஒரு நிமிஷம்கூட இல்லை” என்றாள் மெல்ல. “அவ்வளவு தூரத்துக்கு ஒரு நிமிஷம்கூடப் பிசகலை. உங்கப்பன் பன்னெண்டு கிலோமீட்டர் ஓட்டறதுக்கே என்னை என்ன பாடு படுத்துவான் தெரியுமா?”

கைப்பையைத் திறந்து பேனா தேடினாள். சிவப்பை எடுத்தாள், திரும்ப வைத்தாள். அடியிலிருந்து நீலத்தை எடுத்தாள். பெட்டியின்மேல் நோட்டை விரித்து, ‘மு, எட்டு நிமிடம்’ என்பதை ஒரே கோட்டில் வெட்டினாள். ஓட்ட நேரக் கட்டத்தில் பதிமூன்று நாற்பத்தெட்டு என்று எழுதினாள். பக்கத்தில், நிதானமாக, ஒவ்வொரு புள்ளியும் வைத்து, ‘ச.நே.’ என்று எழுதினாள்.

எழுதி முடித்ததும் நோட்டை மகள் பக்கம் திருப்பினாள்.

“போடு” என்றாள்.

“என்னம்மா?”

“வெட்டி எழுதுனா ரெண்டு கையெழுத்து வேணும். டைம் பார்த்தவ ஒண்ணு, வண்டிக்குப் பொறுப்பானவ ஒண்ணு. முப்பத்தொரு வருஷமா அப்படித்தான். உனக்காக மாத்துவேன்னு பார்த்தியா?” கீழே தன் கையெழுத்தைப் போட்டுப் பேனாவை நீட்டினாள். “அந்த நாலு நிமிஷம் புறப்பாட்டுத் தாமதம் மட்டும் அப்படியே இருக்கும். அதை யார் வந்து கேட்டாலும் வெட்டமாட்டேன்.”

மகள் பேனாவை வாங்கினாள். நாள்தோறும் எத்தனையோ தாள்களில் போடுகிற கையெழுத்துதான். இன்றைக்கு அம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில், அதே வரியில், நீல மையில் போட்டாள்.

அம்மா மை காயும்வரை ஊதினாள். நோட்டை மூடிக் கைப்பையில் வைத்தாள். அப்புறம்தான் இரண்டு கையையும் விரித்தாள்.